‘நிதானமா தேடுங்க’ என்று சொன்ன நாள்

போன வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சேர், ஒருத்தர் மெட்டல் டிடெக்டரோட வந்து நிக்கிறாரு. ஆத்தங்கரைப் பூங்காவுல தேடலாமான்னு கேக்குறாரு. என்னா சொல்றது?" நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தபோது, "பரவாயில்ல சேர், முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

"என்ன தேடி வந்தாராம்?" என்று கேட்டேன்.

"அது கேக்கலயே சேர்."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரதேச சபையில் பூங்கா, மைதானம், ஆற்றங்கரை என்று பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்து அதிக காலம் ஆகவில்லை. விதிகளைச் சுற்றறிக்கையில் படித்துக்கொள்வீர்கள். அந்தக் கருவியை வைத்திருப்பதற்கே பாதுகாப்புத் தரப்பின் அனுமதி வேண்டும். அது இருந்தாலும், நிலத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம் தனி. மண்ணைத் தோண்டினால் தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். கடற்கரையானாலும் பூங்காவானாலும் இதுதான். பொது இடம் என்றதும் சிலர் அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் சொந்தமான இடத்தில்தான் கேட்க வேண்டிய ஆட்கள் அதிகம்.

இவற்றை எனக்கு மனதில் பதிய வைத்தவர் அப்போது எங்கள் சபையின் செயலாளராக இருந்த அம்மையார். சிங்களப் பெண்மணி. தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. யார் எந்த அனுமதி கேட்டு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்பார். நிலம் யாருடையது? கருவி யாருடையது? குழி யாருடையது? கடைசிக் கேள்வி முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பாரா? இருப்பார் என்பார் அம்மையார். தோண்டியவன் போன பிறகு அதில் யார் விழுகிறார்களோ அவர்கள் நம்மிடம்தான் வருவார்கள்.

ஒருமுறை, வெளிநாட்டில் குடியேறி விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் பளபளப்பான கருவியோடு வந்தார். அவர் வாழும் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் நடந்து நடந்து தேடுவாராம். மோதிரம், பழைய நாணயம் கிடைக்குமாம். இங்கே ஆற்றங்கரையில் தேடிப் பார்க்க ஆசை. அம்மையார் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு மூன்று கேள்விகளையும் கேட்டார். இரண்டாவது கேள்வியிலேயே மனிதர் விழித்தார். கருவியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்; யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவரே பொலிஸுக்குப் போய் விவரம் சொல்லி ஒப்படைக்கும்படி சொல்லி, துணைக்கு என்னையும் அனுப்பினார் அம்மையார். படியிறங்கும்போது அந்த மனிதர் திரும்பி, "இதுல மாணிக்கம் தெரியுமா மேடம்?" என்று கேட்டார். மாணிக்கம் தோண்டும் இரத்தினபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. "மாணிக்கம் இரும்பு இல்லையே மகனே" என்றார் அம்மையார் சிங்களத்தில்.

மனம் கோணாமல் மறுப்பது எப்படி என்று அன்று பார்த்தேன். அனுமதி கொடுப்பது எப்படி என்று பார்த்தது வேறொரு நாள். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அலுவலகக் கதவைத் திறக்கும்போதே படியில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர், பெயர் திலகேஸ்வரி. மடியில் மூன்று வயதுக் குழந்தை, கனிஷ்கா. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். குழந்தையின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் ஒரு துண்டு மல்லிகை. பக்கத்தில் இருந்த பையில் அர்ச்சனைத் தேங்காய் மூடி, வெற்றிலை, எலுமிச்சம்பழங்கள். பெண்ணின் நகக்கண்களில் மணல் அடைந்திருந்தது.

"நாளைக்கு வெள்ளன ஏயார்போட்டுக்குப் போறேன் சேர். குவைத்துக்கு. வீட்டு வேலைக்கு. நேத்து சாயங்காலம் புள்ளையப் பார்க்குல வெளாட விட்டேன். மணலுக்குள்ள ஒரு கால் கொலுசு விழுந்திருச்சு."

குழந்தையின் இடது காலில் வெள்ளிக் கொலுசு இருந்தது. வலது கால் வெறுமையாக இருந்தது.

"நேத்து இருட்டுற வரைக்கும் தேடுனேன். கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டு வந்து இப்பயும் தேடுனேன். ஆம்புடல. நம்ம மகேன் அண்ணன்தான் சொன்னாரு, ஒங்க ஆபீஸ்ல இரும்பு தேடுற மெசின் ஒன்னு இருக்குன்னு."

மகேன் என்பது மகேந்திரன். எங்கள் சபையின் நீர்க் குழாய்ப் பகுதி ஊழியர், அதே தோட்டத்துக்காரர். தெருவுக்குத் தார் போடும்போது மூடிப்போகும் வால்வு மூடிகளையும் இரும்புக் குழாய்களையும் தேட எங்களிடம் எந்த உலோகத்துக்கும் கத்தும் ஒரு கருவி இருந்தது. அதைக் கையாளப் பழகியவர் அவர் ஒருவர்தான்.

நான் அலுவலகப் பாஷையில் தொடங்கினேன். அந்தக் கருவியை வேறு வேலைக்குக் கொடுக்க முடியாது, எழுத்தில் கேட்க வேண்டும், கூட்டத்தில் வைக்க வேண்டும். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான், "கொலுசு வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே அம்மா" என்றேன்.

"வாங்கலாம் சேர். ஆனா இவ நடக்கப் பழகுனது இதுலதான்." குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். "ஒன்னு நான் கொண்டு போறது, ஒன்னு அவ கால்ல இருக்கிறது. ரெண்டு வருசத்துக்கு அப்பிடித்தான்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஒத்தக் கொலுசுதான் இருக்கு. அத நான் எடுத்தா அவ கால்ல ஒன்னுமில்ல. விட்டுட்டுப் போனா எங்கிட்ட ஒன்னுமில்ல."

நான் எழுந்து அம்மையாரின் அறைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, என் மூளையில் உதித்த யோசனையையும் சொன்னேன். பூங்காக் குழாய்க்குத் தண்ணீர் போகும் இரும்புக் குழாய் அந்த மணல் தொட்டிக்குக் கீழாகத்தான் போகிறது. குழாயைப் பரிசோதிப்பதாக எழுதிவிட்டுக் கருவியை வெளியே எடுக்கலாம்.

"பொய்க் காரணம் எழுத வேண்டாம்" என்றார் சிங்களத்தில். "எழுதினால் யாராவது கேட்கிற நாளில் கொலுசையும் காப்பாற்ற வேண்டும், காரணத்தையும் காப்பாற்ற வேண்டும். குழந்தையின் கொலுசு தேட என்றே எழுதுங்கள். சரி, நிலம் யாருடையது?"

"தொட்டியைச் சுற்றிய விளிம்புக் கல் வரைக்கும் சபையுடையது. அதற்கு அப்பால் ஆற்று ஒதுக்க நிலம், நம்முடையதில்லை."

"கருவி?"

"நம்முடையது. அனுமதி இருக்கிறது, குழாய் தேட."

"அப்படியானால் பொலிஸ் பொறுப்பதிகாரியை நான் கேட்கிறேன். அவர் சம்மதித்தாலும் கருவி மகேந்திரனின் கையை விட்டுப் போகக்கூடாது. குழி?"

"தோண்ட மாட்டோம் மேடம். வெள்ளத்துக்குப் பிறகு நாமே டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. அதை மட்டும் கிளறுவோம். அடியில் மண் தெரிந்தால் நிறுத்திவிடுவோம்."

அம்மையார் சிரித்தார். "வெள்ளத்துக்குப் பிறகு வந்த மணலில் ராஜா காலத்துப் பொருள் இருக்காது." தொலைபேசியை எடுத்தார். பொறுப்பதிகாரி விவரம் கேட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் தேடுங்கள், நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டாதீர்கள் என்றாராம். நான் சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் தட்டினேன். அம்மையார் ஒப்பமிட்டார். நால்வரும் பூங்காவுக்குக் கிளம்பினோம்: நான், மகேந்திரன், தாய், குழந்தை.

தம்பி தங்கைகளே, இதுவரை எல்லாம் ஒழுங்கு. நான் ஒழுங்கை விரும்புகிறவன். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இருக்கிற கடிதம் சட்டைப் பையில் இருந்தால் என் நடையே வேறு மாதிரி இருக்கும். அன்று அப்படித்தான் நடந்தேன்.

பூங்கா உங்களுக்குத் தெரியும். மேலே பஸ் தரிப்பிடம், நடுவில் படிக்கட்டு, கீழே ஊஞ்சல், மணல் தொட்டி, அதற்குப் பின்னால் ஆறு. மகேந்திரன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தேடத் தொடங்கினார். கருவி ஓயாமல் கத்தியது. மணல் முழுக்கச் சோடாப் போத்தல் மூடிகள். ஒவ்வொரு கத்தலுக்கும் திலகேஸ்வரி பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் மணலை வாரினார். வாரிய மணல் விளிம்புக் கல்லைத் தாண்டி விழுந்தது. அப்படிப் போனால் கொலுசும் மணலோடு வெளியே போய்விடும்.

காதை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியுமே. மகேந்திரன் தன் குரல் தனக்குக் கேட்காமல், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார்.

"தங்கச்சி! நிதானம்! நிதானமா தேடுங்க! நிதானம் இருந்தாத்தான் கெடைக்கும்!"

எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல புத்திமதி என்றுதான் பட்டது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் அந்த நேரம் தமிழ்க் காதுதான் திறந்திருந்தது. மேலே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குச் சிங்களக் காது. சிங்களத்தில் ‘நிதானய’ என்றால் புதையல்.

முதலில் இரண்டு பேர் படியிறங்கி வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். பிறகு முச்சக்கர வண்டிக்காரர்கள், ஸ்டாண்டைக் காலி செய்துவிட்டு. வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். "நிதான் ஹாரனவா!" என்று ஒருவன் கத்தியபோதுதான் என் இன்னொரு காது திறந்தது. புதையல் தோண்டுகிறார்கள்.

அவர்கள் கண்ணால் நானும் பார்த்தேன். மண்ணுக்குள் தேடும் கருவி. ‘நிதானம் கிடைக்கும்’ என்று கத்துகிற ஆள். தேங்காய் மூடி. பையிலிருந்து உருண்டு மணலில் கிடந்த எலுமிச்சம்பழம். நடுவில் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை. புதையல் எடுப்பவர்கள் பூசை போடுவார்கள், பிள்ளையைக் காவு கொடுப்பார்கள் என்ற கதையைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். கதைக்கு வேண்டிய எல்லாச் சாமான்களையும் நாங்களே கொண்டுவந்து பரப்பி வைத்திருந்தோம்.

"அந்தப் பிள்ளையைத் தூக்குங்க!" என்று சிங்களத்தில் அலறிக்கொண்டு பச்சைக் குடை பிடித்த ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்து வந்தார். குடையை வீசிவிட்டு, கனிஷ்காவை வாரித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். குழந்தை வீரிட்டது. திலகேஸ்வரி பாய்ந்தார். இரண்டு பேர் அவரை மறித்தார்கள்.

"எம் புள்ள! எம் புள்ளைய குடுங்க! நான்தான் அம்மா!"

"அம்மாவாம்! பெத்தவளே விக்கிறாளா?" என்றான் ஒருவன்.

மகேந்திரனின் சட்டைக் கொலர் ஒருவர் கையில், கருவியின் தண்டு இன்னொருவர் கையில். மகேந்திரன் நம் எல்லாரையும்விட நன்றாகச் சிங்களம் பேசுவார். ஆனால் பயத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும்.

"தங்கச்சி, அழுவாத, நிதானமா இரு!"

"பாருங்க, பாருங்க! திரும்பவும் சொல்றான்!" கூட்டம் இன்னும் ஓர் அடி நெருங்கியது.

"மகேன், அந்த வார்த்தைய விடு!" என்று கத்தினேன்.

"எந்த வார்த்த சேர்?"

நான் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தேன். "சபையின் செயலாளரது அனுமதியுடன்" என்று தொடங்கியதுமே முன்னால் நின்றவர், "லெட்டர் யாரும் அடிக்கலாம் மாத்தயா" என்றார். அவர் சொன்னது தவறில்லை. கடிதம் என்பது கேட்கத் தயாராக இருப்பவனுக்கு எழுதப்படுவது. அங்கே அப்படி யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்க வாசித்தால் அதிகாரியும் உடந்தை என்றுதான் ஆகியிருக்கும்.

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பச்சைக் குடைப் பெண்ணின் பக்கம் போனேன். பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கையையும் நீட்டவில்லை, பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அக்கா" என்றேன் சிங்களத்தில். "பிள்ளை உங்களிடமே இருக்கட்டும். அதன் காலை மட்டும் பாருங்கள்."

கனிஷ்கா உதைத்துக்கொண்டிருந்தாள். இடது கால் ஒவ்வொரு உதைக்கும் சலங்சலங் என்றது. வலது கால் சத்தமில்லாமல் உதைத்தது.

அந்தப் பெண் ஒரு காலைப் பார்த்தார். மற்றக் காலைப் பார்த்தார்.

"மற்றது எங்கே?"

"இந்த மணலில். அதைத்தான் தேடுகிறோம். அம்மா நாளைக்கு வெளிநாடு போகிறார். ஒன்றைத் தன்னோடு கொண்டுபோக வேண்டுமாம்."

கூட்டத்தில் முன்வரிசை அடங்கியது. பின்வரிசை என்ன, என்ன என்று கேட்டது. பெண் திலகேஸ்வரியைப் பார்த்து, உடைந்த தமிழில், "எந்த நாடு?" என்றார்.

"குவைத்" என்றார் திலகேஸ்வரி, மறித்த கைகளுக்கு இடையிலிருந்து.

பச்சைக் குடைப் பெண் குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டார். "நானும் போனது" என்றார். "மகன் சின்னது அப்போ." நடந்துபோய்க் குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே மணலில் முழங்காலிட்டு, யாரையும் பார்க்காமல், கையால் துழாவத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் பொலிஸ் வாகனம் வந்தது. ‘பூங்காவில் புதையல், குழந்தை’ என்று யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். இறங்கிய சார்ஜன்ட் இளைஞர். கடிதத்தை இருமுறை வாசித்து, பொறுப்பதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்திக்கொண்டார். "உங்களுக்கு அனுமதி இருக்கிறது. தேடுங்கள்" என்றார்.

மகேந்திரன் காதுக்கருவியை மறுபடி எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏன் சேர்? லெட்டர் இருக்கே."

"லெட்டர் இருக்கு. கூட்டமும் இருக்கு. மெசின வேனுக்குள்ள வச்சிப் பூட்டு மகேன்."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கையில் இருப்பது ஒரு விஷயம். இந்த நிமிஷத்தில் அதைப் பயன்படுத்தலாமா என்பது வேறு விஷயம். எந்தச் சுற்றறிக்கையிலும் அதற்குப் பதில் இருக்காது. கருவி வெளியே இருக்கும்வரை பின்வரிசைக்காரர்களுக்கு அது புதையல்தான். அவர்களில் ஒருவன் மாலையில் திலகேஸ்வரியின் தோட்டத்து லயன் வீட்டைத் தேடிப் போகலாம். நாளைக்கு அந்தப் பெண் ஊரில் இருக்க மாட்டார், குழந்தை இருக்கும்.

கருவி உள்ளே போனதும் கூட்டத்தின் வேகம் இறங்கியது. ஆனாலும் கொலுசு கிடைத்தபாடில்லை. அப்போது படியில் நின்ற இருவர் இறங்கி வந்தார்கள். மாணிக்கக் குழி வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நின்றவர்கள். கால்சட்டையில் மண், தோளில் கல் அரிக்கும் மூங்கில் கூடைகள்.

"மாத்தயா, வெள்ளி பாரமான சாமான். மணலைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றினால் மணல் போகும், அது நிற்கும்."

சார்ஜன்ட் முகத்தை இறுக்கிக்கொண்டு, "பொதுப் பூங்காவில் கல் அரிக்க லைசன் இருக்கிறதா?" என்றார். இருவரும் திகைத்து நின்றார்கள். நானும்தான். ஒரு கணம் கழித்துச் சார்ஜன்ட் சிரித்தார். "மாணிக்கம் கிடைத்தால் முதலில் எனக்குக் காட்ட வேண்டும்."

நான் மட்டும் சிரிக்கவில்லை. அம்மையாரின் கேள்விகளை மனதுக்குள் ஓட்டினேன். நிலம் நம்முடையது. கருவி அவர்களுடைய கூடை. குழி இல்லை, கழுவிய மணல் தொட்டிக்கே திரும்ப வேண்டும். பூங்காக் குழாயடியில் அரியுங்கள், வடிகானுக்குள் மணலை விடாதீர்கள் என்று சொல்லி, வடிகான் வாயில் ஒரு சாக்கை நானே மடித்து வைத்தேன். மகேந்திரன் மண்வெட்டியால் அள்ளிக் கொடுத்தார். முச்சக்கர வண்டிக்காரர்கள் வாளியில் சுமந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் மகேந்திரனின் கொலரைப் பிடித்தவர்தான் முதல் வாளியைத் தூக்கினார்.

எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"யா அல்லா, ஒரே வார்த்த! தமிழுக்குப் பொறும, சிங்களத்துக்குப் பொக்கிசம். இத வச்சிட்டு நாங்க ஒரே ஊர்ல யாவாரம் பண்றோமே!"

சார்ஜன்ட் என்னிடம் கேட்டார். "உங்கள் பாஷையில் அதற்கு உண்மையிலேயே என்ன அர்த்தம்?"

"அவசரப்படாமல், பதறாமல் இருப்பது."

அவர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இந்த ஊரில் அதை யாரும் தோண்டுவதில்லை" என்றார்.

கூடைகளில் சோடா மூடிகள் வந்தன. தலைமயிர் கிளிப், விளையாட்டுக் காரின் சக்கரம், ஒரு கரண்டி வந்தன. மதிய பஸ் வந்தது. கல் அரிக்கிறவர்கள் ஏறவில்லை. திலகேஸ்வரி ஒவ்வொரு கூடையையும் எட்டிப் பார்த்துவிட்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போனார். தொட்டியின் ஒரு மூலை மட்டும் மிச்சம் இருந்தபோது பச்சைக் குடைப் பெண், "நில்லுங்க!" என்றார்.

கூடையின் அடியில் சேற்று நிறத்தில் ஒரு சுருள். தூக்கினார். ஓசையே வரவில்லை, முத்துகளுக்குள் மணல் அடைத்திருந்தது. திலகேஸ்வரி அதை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, வாயால் ஊதி, மறுபடி கழுவி, மறுபடி ஊதி, ஆட்டிப் பார்த்தார். மெதுவாக ஒலித்தது.

யாரும் கைதட்டவில்லை. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

கனிஷ்கா வந்து வெறுங்காலை நீட்டினாள். போட்டுவிடச் சொல்லி நீட்டிய கால். தாய் அந்தக் காலையும் கையிலிருந்த கொலுசையும் மாறி மாறிப் பார்த்தார். அது அந்தக் காலுக்குப் போவதற்காகத் தேடியது இல்லையே. நாங்கள் எல்லாரும் வேறெங்கோ பார்க்க முயன்றோம்.

திலகேஸ்வரி உட்கார்ந்து கொலுசைப் போட்டுவிட்டார். "ஊஞ்சல ஒரு சுத்து சுத்திட்டு ஓடியா பாப்போம்" என்றார். குழந்தை இரண்டு காலும் ஒலிக்க ஊஞ்சலைச் சுற்றி ஓடிவந்தாள். மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை வந்தபோது தாய் பிடித்து மடியில் இருத்தி, வலது கால் கொலுசைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முன்பே பேசி வைத்திருந்ததாலோ என்னவோ, குழந்தை அழவில்லை. இடது காலை மட்டும் ஆட்டிப் பார்த்துக்கொண்டது.

இருட்டும் முன் மணல் முழுவதும் தொட்டிக்குத் திரும்பியது. சாக்கில் தங்கியதையும் கொட்டினோம்.

இப்போது உங்களுக்கு. அம்மையாரின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உண்மையிலேயே புதையல் தேடிக் கோயிலையும் விகாரையையும் குடைகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அன்று கூடியவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தார்கள். ஆனால் மூன்றுக்கும் முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: எதைத் தொலைத்தீர்கள்? அதைக் கேட்காமல் திருப்பி அனுப்பினால் விதியைக் காப்பாற்றியதாக ஆகாது, மேசையைக் காப்பாற்றியதாகத்தான் ஆகும். போன வாரம் வந்தவர் மீண்டும் வந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். தேட வேண்டி வந்தால், வேலை செய்கிறவர்களிடம் ‘மெதுவா’ என்று சொல்லுங்கள். அந்த இன்னொரு சொல்லை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அறிக்கை எழுத நானும் அம்மையாரும் அலுவலகத்தில் இருந்தோம். மகேந்திரன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். திலகேஸ்வரி விமான நிலையத்திலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தார். மேசை மேல் வைத்துச் சத்தமாகப் போட்டார்.

"மகேன் அண்ணே, உள்ளுக்கு வந்துட்டேன். ஒங்க மெசினு சரியில்லண்ணே. இங்க உள்ள மெசினுதான் நல்லது. வாசல்லயே கத்திருச்சு. மடியில என்னான்னு கேட்டாங்க. நான் பயந்தே போனேன். கைக்குட்டைய அவுத்துக் காட்டுனேன். சோதிக்கிற அம்மா கையில வாங்கி, ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டு, திருப்பித் தந்துட்டாங்க. சேர்கிட்டயும் மேடத்துக்கிட்டயும் சொல்லுங்க. புள்ள அழுதாளா? இந்தா, அவளுக்குப் போட்டுக் காட்டுங்க."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. கொலுசை ஆட்டும் சத்தம் மட்டும், விமான நிலையத்து இரைச்சலுக்கு நடுவில்.

நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அம்மையார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"கடைசியில் வந்ததை மட்டும்" என்றார். "இன்னொரு தடவை போடுங்கள்."